துணி தேய்க்க வந்த மிஷின்

எங்கள் ஆம்பூர்த் தெருவில் ஒரு மிஷின் வந்து இறங்கிய முதல் வீடு எங்கள் வீடுதான். எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வேலூரில் ஒரு துரை குடும்பம் சீமைக்குத் திரும்பும்போது ஏலத்தில் விட்ட சாமான் அது. இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்பு உருளைகள், பக்கத்தில் என் கைக்கு எட்டும்படி ஒரு பெரிய சக்கரம். ஈரத்துணியை நடுவில் கொடுத்துச் சுற்றினால் சுருக்கமே இல்லாமல் அந்தப் பக்கம் வருமாம். கரி வேண்டாம், நெருப்பு வேண்டாம். எங்கள் கரி இஸ்திரிப்பெட்டி அம்மாவின் சேலையில் ஓட்டை போட்டதிலிருந்து அதைத் தொடவே எல்லோருக்கும் பயம். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்த நேரமும் நல்ல நேரம். அடுத்த வாரம் அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, சர்ச்சில் கல்யாணம். அரக்கோணத்து மாப்பிள்ளை வீட்டார் வெள்ளைச் சேலை அனுப்பியிருந்தார்கள். அத்தைக்கோ வேலூருக்குப் போய் நர்ஸ் படிக்க ஆசை. அப்பாவிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள். நிச்சயமான பெண் படிப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. பதனிட்ட தோலை உருளையில் அழுத்தும் வேலை அவர் பொறுப்பு. அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தே அத்தைக்கும் அந்த ஷாப்பு அத்துப்படி. மிஷினைச் சோதித்துப் பார்க்க அப்பா எடுத்து வந்தது என்ன தெரியுமா? ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய ஒரு தோல் துண்டு! துணிக்கு வந்த மிஷினில் தோல் எதற்கு என்று அம்மா தடுத்தாள்.

“தோலையே வழிக்குக் கொண்டாந்தவன் நான். துணி இன்னா பெரிய விஷயம்?” என்றார் அப்பா.

தோல் அழகாக மழமழவென்று வந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உருளையைத் துடைக்கக்கூட நிற்காமல் தெருவைக் கூட்டிவரப் போனார்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். நானும் அத்தையும் மட்டும் மிஷின் பக்கத்தில் நின்றோம். தண்ணீர் தெளித்து மடித்த கல்யாணச் சேலை அத்தை கையில் இருந்தது. அவள் மேல் உருளையில் ஒரு விரலை வைத்து இழுத்தாள். விரல் மை தொட்டதுபோல் கறுத்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். எண்ணெயாக இருக்கும் என்று நினைத்தேன்.

தெரு ஜனம் வாசலை அடைத்தபோது அப்பா எனக்குத் தலையசைத்தார். அத்தை சேலையை உருளைக்குள் கொடுத்தாள். “சுத்துடி. நிக்காம சுத்து” என்றாள்.

சுற்றினேன் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும்போல! எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்ற குஷி. அந்தப் பக்கம் சேலை சுருக்கமே இல்லாமல் வந்தது. முந்தானையிலிருந்து கொசுவம் வரைக்கும் கருநீலத் திட்டுத் திட்டாகவும் வந்தது.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பட்டைத் தண்ணீர் இரும்பில் பட்டால் கறுக்கும். அதனால்தான் ஷாப்பில் உருளை பித்தளை. தொட்டிப் பக்கம் இரும்பு வாளி வந்தாலே ஆட்களை விரட்டுகிற மனிதர் அவர். வீட்டுக்கு மிஷின் வந்த சந்தோஷத்தில் அதை மறந்தே போனார்.

எத்தனை துவைத்தும் கறை போகவில்லை. ஆசையாக அனுப்பிய சேலையை மிஷினில் போட்டு நாசம் செய்த வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று அரக்கோணத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். என்னால்தான் கல்யாணம் நின்றது என்று கொல்லையில் தேம்பிக்கொண்டிருந்தேன். அத்தை தேடி வந்தாள். ரொம்ப வேகமாகச் சுற்றிவிட்டேன் என்று அழுதேன்.

என்னை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு, “நீ நல்லாத்தான்டி சுத்துன” என்றாள். உச்சியில் முத்தம் கொடுத்தாள். ஒரு முழு வெல்லக்கட்டியைக் கையில் வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், இனிப் படிப்பாவது இருக்கட்டும் என்று அப்பாவே அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிப்போய் வேலூர் ரயிலில் ஏற்றினார். ஜன்னலில் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, இவ்வளவு பெரிய தப்பைச் செய்த என்னை இவள் எப்படித்தான் மன்னித்தாளோ என்று ஆச்சரியப்பட்டேன்.