சக்கரம் இளைக்கட்டும்

என் மகள் முதலில் இரவுச் சோற்றை விட்டாள். அப்புறம் தோசைக்கு எண்ணெய் வேண்டாம் என்றாள். அப்புறம் தோசையே வேண்டாம் என்றாள். மலையேறும் சைக்கிள் பந்தயத்துக்கு அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர், உடம்பு லேசானால் மேடும் லேசாகும் என்று ஒருநாள் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். சொன்னவர் போய்விட்டார். சொன்ன சொல் எங்கள் எருத்தேன்பதி வீட்டுச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இருபது வயதுப் பெண்ணின் தட்டை எட்டி எட்டிப் பார்க்கிற தாய் எவ்வளவு சிறுத்துப்போகிறாள்! குப்பைக் கூடையைக் கிளறுவேன். அவள் தலை துவட்டும்போது தோள் எலும்பைப் பார்ப்பேன். மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. சாப்பிடாமல் மிதித்தால் எலும்பு உளுத்துப்போகும் என்று பாலக்காட்டுச் சித்தூர் டாக்டர் அவளிடம் நேராகவே சொன்னார். வெளியே வந்ததும், "அவங்களுக்கு ரேஸப் பத்தி என்னம்மா தெரியும்? நான் ஸ்பீடாத்தான போறேன்" என்றாள்.

வேகமாகத்தான் போனாள். ஆடி மாதம் அது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற மேல்காற்று எங்கள் ஊர்ப் பனைகளைக் கிழக்கே வளைக்கும் பருவம். காற்றோடு கிழக்கே போகும்போது கைபேசி காட்டிய வேகத்தைத் தன் கால்களின் வேகம் என்று நம்பினாள். திரும்பி வரும்போது திணறினால் பழி காற்றின்மேல் போயிற்று. அவள் நலிந்துகொண்டிருந்ததை அந்தக் காற்று அவளிடமிருந்தே ஒளித்து வைத்தது.

பந்தயத்துக்குப் புது வீல் வேண்டுமென்று அவள் கேட்டபோது, பவர் மீட்டர் உள்ள வீலாக இருக்கட்டும் என்றேன். பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே வைத்திருப்பார்கள். கால் கொடுக்கிற பலத்தை மட்டும் அளந்து கைபேசிக்குச் சொல்லும். காற்று அதை ஏமாற்ற முடியாது. தாய் சொல்லிக் கேட்காதவள் எண் சொல்லிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

கோயம்புத்தூர்க் கடைக்காரர் இரண்டு ஜோடி வீல்களை மேசைமேல் வைத்தார். இரண்டும் கார்பன். மீட்டர் இல்லாதது, கையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. மீட்டர் உள்ளதில் ஒரு கொய்யாப்பழத்தின் கனம் கூடுதல். நான் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன்.

"ஏனுங்கம்மா, ஓட்டப்போறது நீங்களா, பாப்பாவுங்களா?" என்றார் கடைக்காரர்.

"எங்கம்மா எடை பாக்க மட்டுந்தானுங்க. வுட்டா என்னையும் தூக்கிப் பாப்பாங்க" என்றாள் மகள்.

சிரித்தோம். நான் கனமானதைத் தொட்டு, "இது" என்றேன்.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதை வாங்கிக் கையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, அமைதியாக, "சரிம்மா. இதுல கூடுற வெயிட்ட நான் கொறச்சுக்கறேன்" என்றாள்.

அந்தக் கொய்யாப்பழத்தை எங்கிருந்து எடுப்பாள்? கன்னத்தில் மிச்சமிருந்ததிலா, இடுப்பிலா? அவளைக் காப்பாற்ற நான் பொறுக்கிய சக்கரம் அவளையே தின்னப் போகிறது. கடைக்காரரிடம் திரும்பினேன்.

"ரெண்டும் சேந்தாப்ல இருக்கா? லேசாவும் இருக்கணும், மீட்டரும் இருக்கணும்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இருக்குதுங்க. சொல்லித்தான் வரவைக்கோணும்."

வரவழையுங்கள் என்றேன். அந்த விலைக்கு வீட்டில் என்ன சொல்வேன் என்று யோசிக்கவில்லை. எது இளைத்தே தீர வேண்டுமோ அது இளைக்கட்டும். சக்கரம் இளைக்கட்டும்.

மழை ஓய்ந்ததும் புதுச் சக்கரத்தோடு சூரியநெல்லிக்குப் போனோம். மலைமேல் நான் பிறந்த தேயிலை எஸ்டேட் அது. அண்ணன் இப்போது அங்கே சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். காலையில் மகள் முன்னால் மிதிக்க, அண்ணனும் மதினியும் நானும் ஜீப்பில் பின்னால் ஊர்ந்தோம். அவள் வயிற்றில் இருந்தது பால் விடாத ஒரு கட்டன் சாயா. தேயிலைச் சரிவின் முதல் வளைவுகளில் நூல் இழுத்ததுபோல் ஏறினாள். பிறகு ஒரு வளைவு. இலைகூட அசையவில்லை. பழி சுமத்த அங்கே காற்றே இல்லை. அவள் கால் ஓய்ந்தது. இறங்கிப் பாலத்துக் கட்டைச்சுவர்மேல் உட்கார்ந்தாள்.

"மீட்டர் தப்பாக் காட்டுது" என்றாள். கைபேசியில் எண் வளைவுக்கு வளைவு சரிந்திருந்தது. மீட்டரைப் பூஜ்யத்தில் சரிபார்த்துவிட்டு மறுபடி மிதித்தாள். மறுபடியும் அதே சரிவு. திரும்பி வந்து அதே கட்டைமேல் உட்கார்ந்தாள்.

மதினி தூக்குச்சட்டியைத் திறந்தார். அவித்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும். "மீட்டரு பழுதுன்னா கடைக்காரன்கிட்ட குடு, ஆத்தா. வயிறு பழுதுன்னா இங்கிட்டு வா."

"போங்கத்தை!"

"டீசல் ஊத்தலன்னா இந்த மேட்டுல என் ஜீப்பே ஏறாதுத்தா. அது ஒன்னவிடத் திமிரு பிடிச்சது" என்றார் அண்ணன்.

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண் நிறைந்தது. தட்டை மடியில் வாங்கிக்கொண்டாள்.

என் கண் தானாகவே அவள் கைக்குப் போயிற்று. என் பார்வையும் அவள்மேல் ஒரு கனம்தான் என்று அப்போது பட்டது. முகத்தைத் திருப்பித் தேயிலையைப் பார்த்தேன். பச்சை, அதற்கு மேலும் பச்சை, அதற்கப்பால் மஞ்சு. கண்ணைத் திருப்பலாம். காதை என்ன செய்வது?

ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

பிறகு என் முதுகுக்குப் பின்னால் அவள் குரல்: "அத்தை, இதுல உப்புப் பத்தல."

மதினி உப்புத் தேடி ஜீப்புக்கு ஓடும் சத்தம். நான் திரும்பவில்லை.