கோசோங் சொன்ன முழங்கால்

ஈப்போவில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் ஒரு நாள் கூடிப் பேசினார்கள். எத்தனை முழங்கால் மாற்றினோம் என்று கணக்குக் காட்டியது போதும், மாற்றிக்கொண்டவர் அதற்குப் பிறகு எப்படி நடக்கிறார், எப்படித் தூங்குகிறார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும் என்றார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஊர்க்கதை கேட்பதற்குச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்? தமிழ் ஆட்களை எல்லாம் என் தலையில் கட்டினார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போன் போடுவேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு, படி ஏற முடிகிறதா என்று கேட்பேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஆறரை என்பார், அந்த அரையை மட்டும் விடவே மாட்டார். இன்னொரு அம்மா மருமகளைப் பற்றி அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு, "அவளுக்குப் பத்து போடு, காலுக்கு மூனு போடு" என்பார்.

செமோரிலிருந்து வரும் அக்கா மட்டும் வேறு ரகம். அறுபது தாண்டியவர். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், தோட்டத்தை மூடிய பிறகு ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. இடது முழங்கால் மாற்றியாகிவிட்டது, வலது காலுக்கு வரிசையில் காத்திருந்தார். எப்போது, எந்தக் காலைப் பற்றிக் கேட்டாலும் மலாயில் ஒரே பூஜ்யம்தான். "கோசோங் போடுங்க மிஸ்ஸி. நல்லாத்தான் இருக்குலா."

மூன்று தடவையும் கோசோங். கூட்டத்தில் டாக்டர் அவருடைய தாளை எல்லாருக்கும் காட்டினார், எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வலி இல்லாதவர் அடுத்த ஆபரேஷனுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அந்த இடம் வலிக்கிறவருக்குப் போகட்டும் என்பது புது விதி. நியாயமான விதி என்றுதான் நினைத்தேன். வரிசையிலிருந்து அவர் பெயரை நானே எடுத்தேன்.

இருந்தாலும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. புதுச் செருப்புக்கே நாலு நாள் முனகுகிற சனம் நாங்கள். இரும்பு முழங்காலுக்கு ஒரு முனகல்கூட இல்லையா?

அடுத்த வாரம் லிப்ட் கெட்டுப்போயிருந்தது. அக்கா புருஷனுக்குச் சர்க்கரை மருந்து வாங்க வந்திருந்தார். மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை மேல்பக்கம் வைத்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்காமல் போகிற ஜென்மம் இல்லை நான். பின்னாலேயே போனேன்.

"என்னக்கா, ரிவர்ஸ்ல போறீங்க?"

"இப்படி இறங்குனா சுலபமா இருக்கு மிஸ்ஸி."

"வலிக்குதா?"

"கோசோங்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வலது காலைத் தரையில ஊனவே பயப்படுறீங்க. என்கிட்ட எதுக்குக்கா மறைக்கிறீங்க?"

அவர் நின்று மூச்சு வாங்கினார். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"வலின்னு எப்படிச் சொல்றது? தோட்டத்துல விடியக்காலம் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வரிசையா நிப்போம். நொண்டுறவளைப் பாத்தா வேலை வாங்குற மண்டோரு பேரை வெட்டிருவாரு, அன்னைக்கு வேலை கெடையாது. இங்கயும் வரிசையிலதானே நிக்கிறேன்? ஒரு காலு செஞ்சும் இவ நொண்டுறா, இவளுக்கு எதுக்கு இன்னொன்னுன்னு பேரை வெட்டிட்டா?"

எத்தனை ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன், இந்தப் பயத்தைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. நானும் மறைத்தால் இன்னும் கேவலம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"பேரை எடுத்தாச்சுக்கா. வலியே இல்லன்னு நீங்க சொன்னதால எடுத்தோம். நான்தான் எடுத்தேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. கம்பியை விடாமல், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"எத்தனைன்னு சொன்னா பேரைத் திரும்பப் போடுவாங்க மிஸ்ஸி?"