நடுச்சீட்டு

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது, வீடு வீடாகப் போய் மாத வருமானம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த ஊரில் தடுமாறாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைத் தவிர வேறு தகுதி எனக்குக் கிடையாது.

கணக்கெடுக்கச் சொன்ன சர்க்கார் அதிகாரி சொல்லித்தந்த வழி சுலபமானது. வீட்டுக்கு ஒரு சீட்டு, அதில் அந்த வீட்டு வருமானம். எல்லாச் சீட்டையும் குறைந்ததிலிருந்து கூடியது வரை பள்ளிக்கூடத் தரையில் வரிசையாக வைக்க வேண்டும். நட்டநடுவில் எந்தச் சீட்டு வருகிறதோ, அதுதான் ஊரின் வருமானம். ஒரே ஒரு பணக்காரன் வீட்டுப் பணம் ஊரையே பணக்கார ஊராகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் முறை நாற்பத்தொரு சீட்டு சேர்ந்தது. வரி போட வந்திருக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் கம்மியாகவே சொன்னார்கள். நடுவில் விழுந்தது ஆவாரம்பட்டை உரிக்கிறவள் வீடு. அவள் புருஷன் தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவன். அவள் காட்டில் பட்டை உரித்து, தோல் ஊறவைக்க அதே கிடங்குக்குச் சுமந்துபோவாள். இருவருக்கும் சேர்த்து மாதம் ஒன்பது ரூபாய்.

"உன் வீடுதாம்மா ஊருக்கே நடு" என்றேன்.

"அப்போ மேல இருபது வூடு துன்னுது, கீழ இருபது வூடு காயுது. அவ்ளோதானே வாத்தியாரே?" என்று சிரித்தாள். அதிகாரியைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

சில ஆண்டுகளில் தோல் விலை விழுந்தது. கப்பலில் போன சரக்கைக் கேட்பாரில்லை என்றார்கள். கிடங்குக் குழிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அதுவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டிய நாற்றம் குறைந்ததும் எங்கள் ஊரில் அடுப்பும் குறைந்தது. பரம ஏழைகள்தான் முதலில் கிளம்பினார்கள். பத்துக் குடும்பம் கோலார்ச் சுரங்கத்துக்குப் போய்விட்டது.

அப்போதுதான் இரண்டாம் கணக்கு வந்தது. வருமானம் குறைந்துபோன ஊர்களுக்கு ஏரி தூர்வாரும் வேலை கொடுக்கப்போவதாகப் பேச்சு. பட்டைக்காரி என்னை வழியிலேயே மறித்தாள். புருஷனுக்குச் சுண்ணாம்பு தின்ற கால் ஆறவில்லை, வீட்டில் இவள் உழைப்பு ஒன்றுதான்.

"ஏரி வேல வந்துட்டா நாங்க எங்கியும் போவ வேணாம் வாத்தியாரே. அவரு காலோட சொரங்கத்துல இன்னா பண்ணுவாரு? பாத்து எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன்.

விதி ஒன்று இருந்தது. பூட்டிய வீட்டை எண்ணக் கூடாது. ஆனால் போனவர்கள் வீட்டில் பூட்டு ஏது? பூட்டு வாங்கக் காசு இருந்திருந்தால் ஏன் போகிறார்கள்? ஆடு நுழையாமலிருக்க வாசலில் கருவேலமுள்ளை வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பத்து வீட்டுக்கும் 'வருமானம் இல்லை' என்று சீட்டு எழுதியிருக்கலாம். அதற்கு அடுத்த வீட்டில் விசாரித்து, விளக்கம் எழுதி, அதிகாரியிடம் திட்டும் வாங்கியிருக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. 'பூட்டிய வீடு' என்று பத்து முறை எழுதினேன். அந்தச் சோம்பலை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முப்பத்தொரு சீட்டைத் தரையில் வைத்தேன். கீழே கிடக்க வேண்டிய பத்தும் இல்லாததால் நடு மேலே ஏறிவிட்டது. பட்டைக்காரி வீடு நான்கு ரூபாயோடு அடிவரிசைக்குப் போயிருந்தது. நடுச்சீட்டு ஒரு வண்டிக்காரனுடையது, ஒன்பதரை ரூபாய். முன்பு அவனுக்குப் பன்னிரண்டு வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டிலும் ஒரு காசு கூடவில்லை, ஊருக்கு மட்டும் எட்டணா கூடியிருந்தது.

அதிகாரிக்குச் சந்தோஷம். "பரவாயில்லையே, இந்தச் சமயத்திலும் ஊர் தேறியிருக்கிறதே!"

"எஜமான், அந்தப் பத்து வீட்டிலும் பூட்டு இல்லைங்க. முள்ளுதான்."

"பூட்டிய வீடு என்று எழுதினது யார்?"

ஏரி வேலை பக்கத்து ஊருக்குப் போயிற்று. அங்கே அவர்கள் ஊர் ஆட்களே ஜாஸ்தி, எங்கள் ஊர்க்காரர்களைச் சேர்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பட்டைக்காரி வந்தாள். புருஷன் கோலை ஊன்றிக்கொண்டு தெருவிலேயே நின்றான். அவள் தலையில் ஒரு மூட்டை. கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"போய்ட்டு வர்றோம் வாத்தியாரே. வாசல்ல முள்ளு போட்டுட்டேன். அடுத்த தபா கணக்குல ஊரு இன்னும் கொஞ்சம் ஏறும், இல்ல?"

அவர்கள் ஸ்டேஷன் பாதையில் மெதுவாகப் போனார்கள். அவன் நடைக்கு அவள் நின்று நின்று போக வேண்டியிருந்தது.

மூன்றாம் கணக்கின்போது அவள் வாசலில் முள் கருத்துக் கிடந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இந்த முறை முள் போட்ட வீடுகளுக்கெல்லாம் சீட்டு எழுதினேன். முதல் சீட்டு அவளுடையது. அதிகாரி அவற்றைத் தனியாகப் பொறுக்கி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வரிசையாக வைக்கச் சொன்னார்.

வைத்தேன். அவள் சொன்னபடியே ஏறியிருந்தது.