நான் நல்லபடி பேசிய நான்கு நாட்கள்

ஷிப்டு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் பேக்கிங் லைனில் இருந்த பதினாறு பேரில் ஆறு பேர் அலுவலக வாசலில் நின்றார்கள். வேலையை விட்டு நிற்கக் கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள் என்று கிளார்க் எனக்குப் போன் செய்தாள். நான் யாருடைய லீவையும் வெட்டவில்லை, யாருக்கும் வார்னிங் லெட்டர் கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய நான்கு நாட்கள் அவர்களைப் பாராட்டியிருந்தேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான்.

மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். கடைசிப் பதினொரு வருடம் சூப்பர்வைசர். இப்போது ஓய்வில் இருக்கிறேன். புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்கள் வந்து டிப்ஸ் கேட்கிறார்கள். என்னிடம் டிப்ஸ் எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பலூன்

எங்கள் மேனேஜர் குணாவுக்கு என்னைவிடப் பதினெட்டு வயது குறைவு. ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"கமலாக்கா, உங்க லைன்ல ரிஜெக்ட் கம்மி, அவுட்புட் நல்லாருக்கு. ஆனா உங்க சத்தம் மூணாவது லைன் வரைக்கும் கேக்குதுலா. ரெண்டு நாள் லீடர்ஷிப் கோர்ஸ் போய்ட்டு வாங்க."

"மிஷின் போட்ற சத்தத்துல மெதுவா பேசினா எவளுக்குக் கேக்கும்?"

"பேக்கிங்ல மிஷினே இல்லையேக்கா."

அது உண்மைதான். போனேன்.

அலோர்ஸ்டாரில் ஒரு ஹோட்டல். கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் கழுத்தில் மைக் மாட்டியிருந்தார். முதல் வேலையாக ஆளுக்கு ஒரு பலூன் கொடுத்து, நம்முடைய கோபத்தை அதற்குள் ஊதச் சொன்னார். நான் ஊதியதும் பலூனை வெளிச்சத்தில் பிடித்து எங்காவது பின்ஹோல், அதாவது ஊசி ஓட்டை, இருக்கிறதா என்று பார்த்தேன். தொழில் பழக்கம். இருந்தது. பலூனைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை.

திட்டுகிற தலைவரிடம் ஆள் தங்காது என்றார். என் லைனிலிருந்து மூன்று வருடமாக ஒருத்தரும் வேலையை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லியிருப்பேன், ஆனால் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. நாலு பேர் முன்னால் பாராட்டு, வீட்டு விஷயம் விசாரி, சிரித்த முகமாக இரு என்று அவர் சொன்ன மூன்றையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

2. கறிபாப்

முதல் நாள் லெட்சுமியிடம் ஆரம்பித்தேன். பீடோங்கிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், பத்தொன்பது வருட அனுபவம். கையுறையைக் கையில் எடுக்கும்போதே ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவாள்.

"லெட்சுமி, உன்ன மாதிரி ஆள் கெடைக்க இந்தக் கம்பெனி குடுத்து வச்சிருக்கணும்" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

அவள் கையுறையைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, பிரஷர் மாத்திர போட்டீங்களா?"

இரண்டாம் நாள் மகள் படிப்பைப் பற்றிக் கேட்டேன். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டாள். கணவர் இல்லை, இவள் சம்பளத்தில்தான் மகள் படிப்பு ஓடுகிறது. மூன்றாம் நாள் எஸ் சைஸ் பெட்டிக்குள் எம் சைஸ் போட்டவளிடம், "பரவால்லம்மா, மனுஷங்கதானே" என்றேன். அவள் அழுதுவிட்டாள். நான்காம் நாள் எல்லாருக்கும் சுடச்சுட உருளைக்கிழங்கு கறிபாப் வாங்கிக் கொடுத்தேன். யாரும் பேசாமல் சாப்பிட்டார்கள். மனம் நெகிழ்ந்து போயிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். என் புத்தி அப்படி.

3. துரை ஜீப்பை விட்டு இறங்கிய நாள்

ஐந்தாம் நாள்தான் அந்த ஆறு பேர் அலுவலக வாசலில் நின்றது. ஓடிப் போய்க் கேட்டேன். லெட்சுமிதான் பேசினாள்.

"அக்கா, கம்பெனிய மூடப் போறாங்க. எங்களுக்குத் தெரியும்."

"எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லலக்கா. நீங்க நாலு நாளா சிரிச்சுப் பேசறதே போதும். நான் வளந்த ரப்பர் தோட்டத்துல மேனேஜர் தொர ஜீப்ப விட்டு எறங்கினதே இல்ல. ஒருநாள் காலைல பெரட்டுக்கு வந்து, பேரு கூப்பிடற எடத்துலயே எங்களோட பெஞ்சில ஒக்காந்தாரு. பிள்ளைங்களுக்கு ஆரஞ்சு தண்ணி குடுத்தாரு. உங்கள மாதிரி ஆளுங்க எங்கயும் இல்லன்னாரு. எங்கப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரம் தோட்டத்த வித்தாச்சு, வீட்டக் காலி பண்ணுங்கன்னு தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து சொன்னாரு. எல்லாரும் ஒரே நாள்ல வேல தேடி அலைஞ்சோம். ஒரு கடைல ஒரு எடம் இருந்துச்சு, நாப்பது பேரு நின்னோம். இந்தத் தடவ நான் முன்னாடியே போயிடறேன்."

திகாம் பத்துவில் ஒரு தொழிற்சாலையில் இடம் இருக்கிறதாம். மதியத்துக்குள் கடிதத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். போனால் பத்தொன்பது வருட சர்வீஸ் போய்விடும். அங்கே புது ஆளாக, நைட் ஷிப்டில், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாத ஒரு மூடுவிழாவுக்குப் பயந்து.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மூன்று பாடமும் பறந்துவிட்டது.

"ஏண்டி, மூளைய எங்கடி அடகு வச்சீங்க? ரெண்டு கறிபாப் தின்னா கம்பெனிய மூடிருவானா? அப்ப கோயில் அன்னதானத்துக்கு அப்புறம் கோயில மூடிர்றானா? அங்க கார்ட்டன் மலை மாதிரி கெடக்கு, இங்க வந்து கடுதாசி எழுதறாளுங்களாம். போங்கடி உள்ள."

ஐந்து பேர் முகம் தெளிந்தது. "அப்பாடா, அக்காவுக்கு ஒண்ணும் இல்ல" என்று ஒருத்தி சொல்ல, சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

லெட்சுமி மட்டும் நகரவில்லை. "நீங்க உங்களுக்குத் தெரிஞ்சத வச்சுத் திட்றீங்க. உங்ககிட்டயே சொல்லாம வச்சிருந்தா?"

உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

4. குணாவின் பதில்

மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். "கம்பெனிய மூடப் போறீங்களா?"

"யாருக்கா சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சேச்சே, இல்லக்கா."

"அப்ப வந்து லெட்சுமிகிட்ட நீங்களே சொல்லுங்க."

"சரி. நம்ம எல்லாரும் ஒரே குடும்பம்னு சொல்லி..."

"அத மட்டும் சொன்னீங்க, மிச்சம் பதினஞ்சு பேரும் போயிடுவாங்க. உங்களுக்கு என்ன தெரியுமோ அத சொல்லுங்க. போதும்."

வந்தார். மேசைக்குப் பின்னால் நிற்காமல் அவள் எதிரில் நின்றார்.

"இந்த வருஷக் கடைசி வரைக்கும் ஆர்டர் இருக்குக்கா. பேக்கிங்ல ஆள் குறைக்கிற பேச்சு இப்ப இல்ல. அடுத்த வருஷம் எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரிய வந்தா மொதல்ல உங்க லைனுக்குத்தான் வந்து சொல்வேன்."

நான் பல்லைக் கடித்தேன். இந்த நேரத்தில் போய்த் தெரியாது என்கிறாரே, இனி இவள் எப்படி நிற்பாள் என்று நினைத்தேன்.

லெட்சுமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஜமாவே தெரியாதா?"

"தெரியாதுக்கா."

பாதி எழுதிய கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "எங்க தொர ஒருநாளும் தெரியாதுன்னு சொன்னதில்ல" என்றாள். தலையில் வலையை மாட்டிக்கொண்டு லைனுக்குப் போனாள்.

அதற்கப்புறம் தினமும் ஷிப்டு தொடங்கும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கினேன். ஆர்டர் எவ்வளவு, எந்த லைன் நிற்கும், எது எனக்குத் தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வருடக் கடைசியில் ஆர்டர் குறைந்தது. குணா சொன்னபடியே முதலில் எங்களிடம் வந்து, இரண்டு மாதத்துக்கு ஓவர்டைம் கிடையாது என்றார். முணுமுணுத்தார்கள். லெட்சுமி அவர் காதில் விழும்படியே முணுமுணுத்தாள். வேலை நடந்தது.

சூப்பர்வைசர் ஆகிற பிள்ளைகளே, கோர்ஸுக்குப் போங்கள், சாப்பாடு நன்றாக இருக்கும். பாராட்டத் தோன்றினால் பாராட்டுங்கள், திட்ட வேண்டியிருந்தால் திட்டுங்கள். ஆனால் கெட்ட செய்தி வந்தால் அதை முதலில் உங்கள் வாயிலிருந்துதான் கேட்போம் என்று உங்கள் ஆட்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் நீங்கள் சிரித்தால்கூட அவர்கள் கடிதம் எழுதக் கிளம்பிவிடுவார்கள்.