மண்டிக்காரர் வாங்கிய புது முறம்

எங்கள் அலுவலகத்தில் ஆயுதபூசையன்று கணினிக்கும் சந்தனம் வைப்போம். மறுநாள் அது ஓடாவிட்டால் யாரும் சந்தனத்தைக் குறை சொல்வதில்லை; வைத்தவர் மேலதிகாரி. அன்று மட்டும் குடும்பத்தோடு வரலாம். பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பொட்டலம்: பொரி, வெல்லம், வறுத்த வேர்க்கடலை. நலக்குழுச் செயலாளராக நான் இருந்த வருடங்களில் பொட்டலம் படாளத்து மண்டி ஒன்றிலிருந்து வரும். மண்டிக்காரர் வட்டாரக் கடலை வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரும்கூட.

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் அலுவலகப் பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஏழு வயதில் ஒரு பெண். வேர்க்கடலை வாயில் பட்டால் உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். ஒருமுறை ஆம்புலன்ஸில் சென்னைவரை போய்த் திரும்பியவள்.

"அப்பா ஆபீஸ் எப்படி இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருக்கா சார். இந்த வருஷமாவது கூட்டிட்டு வரணும்."

"கமிட்டியில வைப்போம்" என்றேன். கமிட்டியில் வைத்தது என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

வைத்தேன். "கடலை தின்னு எவன் சார் செத்தான்?" என்றார் ஓர் உறுப்பினர். "அந்தப் பொண்ணு பொட்டலத்துல மட்டும் கடலையைப் பொறுக்கிட்டாப் போச்சு" என்றார் இன்னொருவர். அவர் அறிவியல் பட்டதாரி.

ஆகவே ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். சிறுமியைப் பார்த்துவந்த செங்கல்பட்டு டாக்டரம்மா பேச ஒப்புக்கொண்டார். கடற்கரைப் பள்ளிகளில் இந்த ஒவ்வாமை எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று ஆராய அவருக்கு ஆசை; போய்வர வண்டிதான் இல்லை. யார் மறுப்பாரோ அவரையே புரவலராக்கு என்பது நான் பணியில் கற்ற ஒரே நடைமுறை. படாளம் போனேன்.

"இன்னா சார், கடல விக்கறவன் செலவுலயே கடலைய பத்தி கம்ப்ளெய்ன்ட் சொல்ல ஆள் கூட்டியாறியா? நல்லா கீதே நாயம்!"

"மேடையில உங்களுக்கு நடு நாற்காலி."

டாக்டரம்மாவுக்கு வண்டி இல்லாததையும் சொன்னேன்.

"ஹாலு வோணுமா, வேனு வோணுமா?"

"ரெண்டும்."

"டிபனு நம்மளுது" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா நன்றாகப் பேசினார். இந்தச் சிறுமிக்கு ஒரு பருப்பே அதிகம். கடலை புடைத்த முறத்தில் பொரியைப் புடைத்தாலும் ஆபத்து, கடலை தின்ற கையால் ஊட்டினாலும் ஆபத்து என்றார். சிறுமி அப்பாவோடு முன்வரிசையில் காலாட்டியபடி இருந்தாள். நன்றியுரை முடிந்தது. பக்கத்துக் கதவு திறந்தது. மண்டி ஆட்கள் தட்டுத் தட்டாகச் சுடச்சுடக் கடலை உருண்டை கொண்டுவந்தார்கள். பின்னால் டாக்டரம்மாவுக்கு அன்பளிப்பாக, ரிப்பன் கட்டிய ஒரு மூட்டை புதுக்கடலை.

முதல் தட்டு நேராக முன்வரிசைக்குத்தான் வந்தது. அப்பா மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடையில் மண்டிக்காரரின் நடு நாற்காலி சரிந்தது.

"டேய்! அங்கியே நில்லுடா! தட்ட எட்துகினு வெளிய போ! அம்மா இவ்ளோ நேரம் இன்னா சொல்லிகினு இருந்தாங்க?"

"நீதான மொதலாளி எட்தார சொன்ன?"

"நான் சொல்லும்போது எனுக்கே தெரியாதுடா!"

நான் நடத்திய எத்தனையோ கூட்டங்களில், கேட்டவர் ஒருவர் மனம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். செலவு செய்தவரே அவர்.

சங்கத்து வேன், டாக்டரம்மா பிடிவாதமாக இரண்டு முறை கழுவச் சொன்ன பிறகு, கடப்பாக்கம்வரை பள்ளி பள்ளியாகப் போய்வந்தது. ஆராய்ச்சி ஆங்கிலத்தில் அச்சாகி எங்கோ போனது. எங்களுக்கு வேன்தான் திரும்பி வந்தது.

ஆயுதபூசைக்குப் பொட்டலங்களோடு மண்டிக்காரரே வந்தார். பொரி, வெல்லம், தேங்காய்ச் சில்லு; எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. "புது முறம், புது சாக்கு சார். என் வூட்டுக்காரி வூட்லயே கட்னது. மண்டி பக்கமே போவல."

சிறுமி பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அப்பாவின் சட்டைப்பையில் மருந்து டப்பா. அலுவலகத்தில் அவர் வேலை பார்க்கும் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இதுக்கா தெனமும் போறே?" என்றாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டாள். அப்பா, நான், மண்டிக்காரர் மூவரும் தணிக்கைக்கு வந்தவர்கள்போல அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். மென்றாள். விழுங்கினாள். எங்கள் மூவரையும் பார்த்தாள்.

"டேஸ்ட்டே இல்லப்பா."

மண்டிக்காரர் முகம் மலர்ந்தது. "கேட்டுகினியா சார்? கடல இல்லாட்டி அப்டிதான்!"