நூல் கடிக்கிற வாய்

காஞ்சிபுரத்துப் பல் மருத்துவமனையில் என்னருகே உட்கார்ந்திருந்த நெசவாளருக்கு அறுபது வயதிருக்கும். முன்பல் ஒன்று இல்லை. அந்த இடைவெளியை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, செயற்கைப் பல் பதிக்கும் இம்ப்ளான்ட் படிவத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் வரவேற்புப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன் அதே படிவத்தில் நான் படிக்காமலே கையெழுத்திட்டேன். நிறையப் படித்தவர்கள் இதையெல்லாம் படிப்பதில்லை. இப்போது என் தாடை எலும்பில் பதித்த திருகாணி ஆடிக்கொண்டிருந்தது.

“ஆஸியோ இன்டக்ரேஷன்னு போட்டிருக்குதே, இன்னாம்மா அது?”

“எலும்புல திருகாணி போடுவாங்கப்பா. எலும்பு வளந்து அதைக் கெட்டியாப் புடிச்சிக்கணும். மூணு மாசம் ஆவும். அப்புறம்தான் மேல கிரவுன்னு பல்லு மாட்டுவாங்க.”

“அதுவரைக்கும் நூலு கடிக்கலாமா?”

“ஐயோ, கூடாதுப்பா! ஆடிப்போயிடும். கத்திரி வெச்சிக்கினா என்ன?”

“தறி மேலயே இருக்குது. ஆனா அறுந்த இழைய முடிச்சுப் போட்டதும் மிச்ச நுனியக் கடிக்க வாயி தானா போயிடும். எனக்கே தெரியாது.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, படிவத்தைக் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தார். “கழட்டி மாட்டுற பல் செட்டே குடுக்கச் சொல்லும்மா. தறியில உக்காரும்போது எடுத்து டப்பாவுல போட்டுடறேன்.”

திருகாணி ஆடுகிறது என்று நான் வந்தவுடன் வரவேற்பில் சொன்னதைக் கேட்டிருந்தவர், பிறகு என் பக்கம் திரும்பினார். “சார் இன்னாத்தக் கடிச்சீங்க?”

“தெரியலையே.”

“தெரிஞ்சிக்கினு உள்ள போங்க சார்.”

தன் வாயை இவ்வளவு அறிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. முறுக்கு, பேனா மூடி, தூக்கத்தில் என் சொந்தப் பற்கள் என்று எண்ணத் தொடங்கினேன். பாதிகூட ஆகவில்லை, அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.