நோஞ்சானுக்கு ஏழு வீடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. முன்னே வரவேண்டியது பின்னே வரும், பின்னே வரவேண்டியது மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் எடுத்து அடுக்கிக்கொள்ள வேண்டும்.

போன வாரம் பெரம்பலூரில் எங்கள் வீட்டு மோட்டார் கொட்டகைக்கு ஒரு பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தது. என் மருமகள் பார்த்துவிட்டு, "இது எத்தனாவது வூடோ, பாவம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மூக்கில் மல்லிகைப்பூ வாசனை வந்தது. கொட்டகையில் ஏது மல்லிகை? அது வேறு காலத்து வாசனை. அதைத்தான் எழுத வந்தேன்.

அப்போது எனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. செந்துறையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்திருந்தது. வீட்டில் ஒரு அறை முழுக்கப் பருத்தியைக் கொட்டி வைத்திருந்தார்கள். காலையில் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தால் பஞ்சு இழையெல்லாம் அதில் எழும்பி, கீழே இறங்க மனசில்லாமல் மிதக்கும். நான் வாசல்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பேசக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு அது நல்ல வேலை.

மூட்டை கட்ட ஆள் வந்த அன்று, சாக்குக்குள் இறங்கிப் பருத்தியை மிதிக்கப்போனவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். "ஏங்க, பருத்தி கத்துதுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கையை விட்டு எடுத்தால் மூன்று பூனைக்குட்டிகள். கண்ணே திறக்கவில்லை. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, மூன்றாவது ஈர்க்குச்சிக்குத் தோல் போர்த்தினது மாதிரி ஒன்று. தாய்ப்பூனை கூட்டத்தைப் பார்த்து ஓடியதுதான், திரும்பி வரவில்லை. பருத்தி வண்டி பெரம்பலூருக்குக் கிளம்பியபோது அதுவும் மூட்டைக்குள் ஒளிந்து போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். பூனைக்குப் பெரம்பலூரில் என்ன வேலை என்று யோசிக்கவில்லை.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்கலாம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஜெயங்கொண்டம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான்தான் அவளுக்கு நெல்லிக்காய் பொறுக்கிக் கொடுப்பேன். பருத்தி மூட்டை போவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் என்னை எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டில் தூங்க அனுப்பினார்கள். திரும்பி வந்தால் அத்தை வயிறு வடிந்து கொல்லைப்பக்கத்து அறையில் படுத்திருந்தாள். பாப்பாவைக் காணோம். அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பாப்பா வேற வூட்டுக்குப் போயிருச்சு. அந்த ரூம்பு பக்கம் போவாத. போய் வெளயாடு" என்றாள்.

சரி, போயிருச்சு போலிருக்கு என்று நானும் விளையாடப் போனேன்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. தினமும் சாயங்காலம் அம்மா மல்லிகைப்பூ வாங்கினாள். அம்மா தலையிலும் இல்லை, என் தலையிலும் இல்லை, சாமி படத்துக்கும் இல்லை. எல்லாம் அந்த அறைக்குப் போயிற்று. ஒருதரம் ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். அத்தை பூச்சரத்தை மார்பில் அடுக்கடுக்காக வைக்க, அம்மா அதன்மேல் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பூவைத் தலையில் வைக்காமல் யாராவது ரவிக்கைக்குள் வைப்பார்களா? பெரியவர்களுக்கு என்னமோ பைத்தியம் என்று விட்டுவிட்டேன்.

குட்டிகளை ஒரு பழைய கூடையில் பஞ்சு பரப்பிப் போட்டுக்கொண்டேன். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, பருத்தித் திரியை நனைத்து வாயில் வைத்தால் கறுப்பும் செவலையும் திரியையே தின்றுவிடுவது போல இழுக்கும். அந்த நோஞ்சான் மட்டும் வாயைத் திறக்காது. பாலை விட்டால் மூக்கு வழியாக வரும். அதற்குச் சின்ன மூக்குள்ள ஏதாவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று தேடி, பரண் கூடையில் ஒரு புதுச் சங்கு கண்டெடுத்தேன். குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற சங்கு, ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. அதற்கடியில் மெத்தென்று துவைத்து மடித்த பழம்புடவைத் துணிகள். அம்மா ஓடிவந்து சங்கைப் பிடுங்கிக்கொண்டாள். அடிக்கத்தான் கை ஓங்கினாள். அப்புறம் அடிக்காமல் துணியோடு சேர்த்துத் திரும்ப மேலே வைத்துவிட்டாள்.

கறுப்புக்கும் செவலைக்கும் கண் திறந்தது. நோஞ்சானுக்கு இமை ஒட்டிப் பீளை கட்டி, கண் இருந்த இடத்தில் இரண்டு வீக்கம்தான் இருந்தது. உடம்பு வேறு கொதித்தது. நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்து எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தாள். வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு.

"ஏண்டி, பூனை குட்டி போட்டா ஏழு வூடு மாத்தும். மாத்துனாத்தான் கண்ணு தொறக்கும். இதுக்கு யாரு மாத்துறது, ஒங்கப்பனா கவ்விட்டுப் போவான்?"

பெரியம்மா கேலிக்குச் சொன்னாள். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

மறுநாள் பகலில் நோஞ்சானைப் பாவாடை மடியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதலில் பெரியம்மா வீடுதான். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டு, அரியலூர் பஸ்ஸுக்காகக் குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறார், நான் நுழைகிறேன், மடியில் குட்டி தலையை நீட்டுகிறது. பெரியப்பா அப்படியே நின்றார். பூனை குறுக்கே வந்தால் அவர் ஊருக்குப் போகமாட்டார்.

"அது குறுக்க வரலைங்க பெரியப்பா, நான்தான் தூக்கியாந்தேன்" என்றேன்.

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "தூக்கியாந்தா கணக்கு உண்டாடி?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"கண்ணே தொறக்காத பூனைக்கு எந்தக் குறுக்கு, எந்த நெடுக்கு? கெளம்புங்க" என்று பெரியம்மா குரல் வந்தது.

அவர் கிளம்பவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். பஸ் போகிற சத்தம் கேட்டது. நானும் குட்டியை ஒரு மூலையில் வைத்து, குடியிருந்ததாக ஆகிற அளவுக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் செக்கு வீடு. அங்கே எள்ளு வாசனையில் குட்டி இரண்டு தும்மல் போட்டது. ஒரு வீட்டில் "மடியில என்ன, கத்திரிக்காயா?" என்றார்கள். ஒரு வீட்டில் நாய் இருந்ததால் கதவடியிலேயே வைத்து எடுத்தேன், அதையும் சேர்த்துக்கொண்டேன். இன்னும் இரண்டு வீட்டில் திண்ணையிலேயே வைத்து எடுத்தேன், ஆக ஆறு. பேசக் கூச்சப்படுகிறவள் அத்தனை வீட்டு வாசலில் எப்படி நின்றேனோ, இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. தெருவெல்லாம் வெயில். எங்கேயிருந்தோ பஞ்சு பறந்துகொண்டிருந்தது. எல்லாரும் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள். மிச்ச வீடெல்லாம் பூட்டு. மடியில் குட்டியின் சூடு குறைந்துகொண்டே வந்தது. அது நல்லதென்று முதலில் நினைத்தேன். பிறகு அது வாயைத் திறந்து கத்தியது, சத்தம் வரவில்லை. ஓடத் தொடங்கினேன்.

ஒரு வீடு குறைகிறது. அப்போதுதான் கொல்லைப்பக்கத்து அறை ஞாபகம் வந்தது. அதற்குத் தனிக் கதவு. அத்தைக்கு அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் தூக்கம். அப்படியானால் அதுவும் தனி வீடுதானே?

கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. உள்ளே அரை இருட்டு. மல்லிகை வாசனை கையால் தள்ளிக்கொண்டு போகலாம் போல அடர்த்தியாக இருந்தது. அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அத்தை, கொஞ்ச நேரம் இது இங்க குடியிருக்கட்டும். ஏழாவது வூடு."

அத்தை திரும்பினாள். மடியைப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து, "கொண்டா" என்றாள். வெகுநாளைக்கு அப்புறம் அவள் குரலைக் கேட்டேன். குட்டியை உள்ளங்கையில் வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"பசியாத்தான் கெடக்குது. கண்ணு எப்பலேருந்து இப்படி?"

நான் சொன்னேன். அத்தை எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, துணிக் கட்டை அவிழ்த்தாள். வாடிப் பழுத்த பூவெல்லாம் பாயில் கொட்டியது. அத்தையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். குட்டியின் கண்மேல் பால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. புடவை நுனியால் மெல்லத் துடைத்தாள். மறுபடி விட்டாள். எனக்குக் கண்வலி வந்தபோது யாரோ பிள்ளை பெற்றவளிடம் பால் வாங்கி அம்மா விட்டதுண்டு, அதனால் அது எனக்குப் புதிதில்லை. கடைசியில் வாயில் ஒரு சொட்டு விழுந்தது. நோஞ்சான் நாக்கை நீட்டியது.

"பாப்பாதான் இங்க இல்லையே. பாலு எப்படி வருது அத்தை?"

"அதுக்கு யாரும் சொல்லலை போல" என்றாள்.

எனக்கு அத்தைமேல் இரக்கமாக இருந்தது, தெரியாமல் இருக்கிறாளே என்று. "பாப்பாவும் வந்துரும் அத்தை. ஏழு வூடு மாத்தத்தான் போயிருக்கு. கண்ணு தொறந்ததும் வந்துரும்" என்றேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். வாசலில் அம்மா புதுப் பூச்சரத்தோடு நின்றிருந்தாள். என்னைத் திட்டவில்லை. பூவையும் கொடுக்கவில்லை. போய், பரணிலிருந்து சங்கை எடுத்துவந்து அத்தை பக்கத்தில் வைத்தாள்.

அதற்கப்புறம் நோஞ்சான் அங்கேயே குடியிருந்தது. "இப்படிப் பீய்ச்சுனா, எத்தனை மல்லி வச்சுக் கட்டுனாலும் பாலு எப்பத்தான் வத்தும்?" என்று அம்மா கேட்பாள். "வத்தறப்ப வத்தட்டும் அண்ணி" என்பாள் அத்தை. ஒரு காலையில் அவளே கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். குட்டிக்கு ஒரு கண் திறந்திருந்தது, துணிக்குப் போடுகிற நீலம் மாதிரி. மறுநாள் இன்னொன்று. உடம்பெல்லாம் மல்லிகை மணத்துக்கொண்டு, எங்கள் ஊரில் அப்படி ஒரு பூனை இருந்ததில்லை.

மாமா வந்து அத்தையை அழைத்துக்கொண்டு போனபோது நோஞ்சானும் போயிற்று. பரண் கூடையிலிருந்த அந்தப் பழம்புடவைத் துணியில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். "பூனையோட வந்துருக்கான்னு எங்கம்மா ஏசப்போவுது" என்றார் மாமா. "ஏசட்டுமே" என்று அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அடுத்த தடவை, ஒரு வருஷமோ கூடவோ கழித்து, அவள் பிரசவத்துக்கு வந்தாள். மறுபடி என்னைப் பெரியம்மா வீட்டில் தூங்கவைத்தார்கள். காலையில் ஓடிவந்தால், அத்தை பக்கத்தில் ஒரு பெண்குழந்தை. கண்ணை நன்றாகத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சொன்னேன்ல அத்தை, ஏழு வூடும் சுத்திட்டு வந்துருச்சு பாத்தியா" என்றேன். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை மட்டும், "ஆமாடி தங்கம், வந்துட்டா" என்றாள். நான் சொன்னது சரியாகிவிட்டது என்று அன்று முழுக்க எனக்குப் பெருமை. தலையில் மல்லிகை வைத்துவிடச் சொல்லிக் கேட்டேன். அம்மா மட்டும் ஏன் செவ்வந்தி வாங்கிவந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அந்தப் பெண் ஜெயங்கொண்டத்தில்தான் இருக்கிறாள், அவளும் இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவளைக் கேட்டு இதைச் சரிபார்த்துச் சொன்னால் நல்லது. நோஞ்சான் எத்தனை வருஷம் இருந்தது, கண் கடைசிவரை நீலமாகவே இருந்ததா, இவ்வளவு கேட்டால் போதும். அவளுக்கு முன்னால் ஒன்று வேறு வீடு போனதைப் பற்றிக் கேட்க வேண்டாம். அத்தை அவளிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.